ஏற்காடு ஏறும் பழைய காருக்கு எந்த ஆக்சில் சாமான்? பூட் கிட் முதல் முழு ஆக்சில் வரை ஒரு மதிப்பீடு

மாருதி 800, ஜென், எஸ்டீம், பழைய ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா. எல்லாமே முன்சக்கரம் இழுத்து ஓடும் வண்டிகள். இவற்றின் ஆக்சிலில் சத்தம் கிளம்பினால் சேலத்து ஸ்பேர்ஸ் கடைகளில் நான்கு வகைச் சாமான் கிடைக்கும்: சில நூறு ரூபாய்க்கு, ஜாயிண்ட்டை மூடும் உறையான பூட் கிட், அதற்கு மேல் வெளி ஜாயிண்ட் கிட், பழையதைச் சாணை பிடித்துப் புதுப்பித்த ரீகண்டிஷன் ஆக்சில், எல்லாவற்றுக்கும் மேலே புது முழு ஆக்சில். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நான்கில் கொடுத்த காசுக்கு மேல் திருப்பித் தருவது பூட் கிட். ஜாயிண்ட் கிட் நல்ல சாமான்தான், பல் எண்ணிக்கை பொருந்திப் போனால். புது முழு ஆக்சில் சிலருக்கு மட்டும் தேவை. ரீகண்டிஷன் ஆக்சிலை மலை ஏறும் வண்டிக்குப் போடவே கூடாது.

நான்கில் எது உங்கள் வண்டிக்கு என்பது கடையில் முடிவாகிற விஷயம் கிடையாது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ரோட்டில் கண்டுபிடித்த பிறகுதான் கடைக்கே போக வேண்டும். “ஆக்சில் போயிருச்சுங்க, மொத்தமா மாத்திரலாம்” என்று வண்டியை ஓட்டிப் பார்க்காமலே சொல்லும் பட்டறையில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாற்றிய பிறகும் அதே சத்தம் வந்தால், போனது வீல் பேரிங்காகவோ இன்ஜின் மவுண்டிங்காகவோ இருந்திருக்கும்.

ஒவ்வொரு ஆக்சிலிலும் நடுவில் ஷாஃப்ட் எனும் தண்டு, அதன் இரு முனையிலும் இரண்டு ஜாயிண்ட். சக்கரத்துப் பக்கம் இருப்பது வெளி ஜாயிண்ட். அதற்குள் ஆறு எஃகு உருண்டைகள், அவற்றைப் பிடித்து வைக்கும் கூண்டு, உருண்டை ஓடும் வளைந்த தடங்கள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் நாற்பது டிகிரிக்கு மேல் மடங்கியபடியே இது சுற்ற வேண்டும். கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயிண்ட். பல வண்டிகளில் அது மூன்று உருளை வைத்த டிரைபாட் வகை, சிலவற்றில் அதுவும் உருண்டை வகைதான். உள் ஜாயிண்ட் அவ்வளவு மடங்காது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஆக்சிலின் நீளம் கூடிக் குறைய வேண்டுமே, அதற்காக அது உள்ளும் வெளியும் நகர்ந்து கொடுக்கும். வேலை வேறு என்பதால் கெட்டுப்போகும் விதமும் வேறு, காட்டும் அறிகுறியும் வேறு.

வெளி ஜாயிண்ட் தேய்ந்தால் திருப்பத்தில் ‘டக் டக் டக்’ என்று அடிக்கும். வண்டி நேராக ஓடும்போது உருண்டைகள் தடத்தின் நடுப்பகுதியிலேயே நிற்பதால் அங்கேதான் முதலில் குழி விழும். ஸ்டீயரிங் ஒடிந்ததும் உருண்டைகள் தடம் முழுக்க முன்னும் பின்னும் ஓட வேண்டியிருக்கும். அப்படி ஓடும்போது குழியின் விளிம்பில் ஏறி இறங்கும், தளர்ந்த கூண்டின் ஜன்னலில் இடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடும், காலை எடுத்தால் குறையும் அல்லது நின்றே போகும். வேகம் கூடினால் அடி நெருங்கும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சோதிக்க மலைக்குப் போகத் தேவையில்லை. காலியான மைதானம் போதும். எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, ரேடியோ, மின்விசிறி அணைத்து, முதல் கியரில் ஸ்டீயரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடித்து, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து வட்டமடியுங்கள். பிறகு வலப்பக்கம். பிறகு இதையே ரிவர்ஸில். முன்னோக்கிப் போகும்போது மங்கலாகக் கேட்ட சத்தம் ரிவர்ஸில் பளிச்சென்று கேட்பது வழக்கம், ஏனென்றால் அப்போது உருண்டை தடத்தின் எதிர்ப்பக்கச் சுவரை அழுத்துகிறது. இன்னொருவர் வெளியே நின்று கேட்டால் இன்னும் நல்லது. நம் ஊர் வண்டியில் ஓட்டுநர் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எல்லாச் சத்தமும் வலப்பக்கமிருந்தே வருவதாகத் தோன்றும்.

இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் வலது ஜாயிண்ட், வலப்பக்கம் திரும்பும்போது வந்தால் இடது ஜாயிண்ட் என்று பொதுவாகச் சொல்வார்கள். எடை வெளிச்சக்கரத்தின், அதாவது வளைவின் வெளிப்பக்கம் வரும் சக்கரத்தின், மேல் சாய்வதால் இது பெரும்பாலும் சரி. ஆனால் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாக ஒடிகிறது. அதனால் மெதுவாக, முழு ஒடிப்பில் போகும்போது உள்சக்கரத்தின் வெளி ஜாயிண்ட்டும் சத்தம் போடலாம். இந்த ஒரு விதியை மட்டும் நம்பி சாமான் வாங்கக் கூடாது. வெளியே நிற்பவர் எந்தச் சக்கரம் என்று காட்ட வேண்டும், பூட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகுதான் முடிவு.

ஏற்காடு ரோட்டிலேயே கேட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். நாம் இடது ஓரமாக ஏறுவதால் இடப்பக்க வளைவுகள் உள்வட்டமாக, இறுக்கமாக, செங்குத்தாக வரும். ஸ்டீயரிங் கிட்டத்தட்ட முழுசாக ஒடிந்திருக்க, முதல் அல்லது இரண்டாம் கியரில் நல்ல இழுவையோடு ஏற வேண்டியிருக்கும். வெளி ஜாயிண்ட்டுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை சேலம் வட்டாரத்தில் இல்லை. ஆனால் தடுப்புச் சுவரோ பாறையோ எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தம் எதிரொலித்துப் பெரிதாகக் கேட்கும். அடுத்த வளைவைத் தாண்டியதும் பாறை மறுபக்கத்துக்கு மாறிவிடும். அதனால் மலையில் சத்தம் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள், எந்தப் பக்கம் என்பதைச் சமதளத்தில் பாருங்கள்.

உள் ஜாயிண்ட்டின் அறிகுறி வேறு மாதிரி. திருப்பத்தில் ஒன்றும் தெரியாது. நேர் ரோட்டில், இழுவையில், வண்டியின் மூக்கு இடவலமாக உதறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த மறுநொடி உதறல் நின்றுவிடும். டிரைபாட்டில் உருளை ஓடும் பள்ளத்தின் சுவர் தேய்ந்து குழியானால், ஆக்சில் ஒரு சுற்றுச் சுற்றும்போது மூன்று முறை பக்கவாட்டில் தள்ளும். மாருதி 800-இன் 12 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் ஓடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் நொடிக்கு ஏழு சுற்று, ஆக ஏறக்குறைய இருபத்தோரு உதறல். வீல் பேலன்ஸ் கெட்டால் சுற்றுக்கு ஒன்றுதான், நொடிக்கு ஏழு. கையில் படும்போதே இரண்டும் வேறு என்று தெரியும். அதோடு பேலன்ஸ் கோளாறு ஒரு குறிப்பிட்ட வேகத்தில், பெரும்பாலும் எண்பதை ஒட்டியோ அதற்கு மேலோ எட்டிப் பார்க்கும், காலை எடுத்தாலும் போகாது. ஓமலூர் பக்கம் நாலுவழிச் சாலையில் மட்டும் வருகிற நடுக்கத்துக்கு ஆக்சிலைக் குற்றம் சொல்லாதீர்கள். ஐந்து ரோடு மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதிக்கும்போது மட்டும் வருகிற நடுக்கம்தான் உள் ஜாயிண்ட்டைக் காட்டிக் கொடுப்பது.

வண்டியில் நான்கு பேர், பின்னால் சாமான் என்று மலை ஏறும்போது உதறல் அதிகமாவதற்குக் காரணம் உண்டு. பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்குவதால் உள் ஜாயிண்ட் வழக்கத்தைவிட அதிகமாக மடங்கிய நிலையில் முழு இழுவையையும் தாங்குகிறது. எஸ்டேட் ரோட்டில் அடி தட்டாமல் இருக்க முன் காயில் ஸ்பிரிங்குக்கு இடையில் ரப்பர் வைத்து வண்டியை உயர்த்துகிறவர்கள் இந்த மடக்கை நிரந்தரமாக்கிவிடுகிறார்கள். ரப்பரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உதறல் குறைந்தால் சாமான் வாங்கும் செலவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். இன்ஜின் மவுண்டிங் அமுங்கியிருந்தாலும் இதே விளைவுதான், அதை முதலில் மாற்றுங்கள்.

இனி, ஆக்சில் என்று தவறாக நினைக்கப்படுபவை. வண்டி நின்றிருக்க, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே டொக்கென்றோ நறநறவென்றோ சத்தம் வந்தால் அது ஷாக் அப்சார்பர் மேல் மவுண்டிங் அல்லது பால் ஜாயிண்ட். சக்கரம் சுற்றாமல் ஆக்சில் ஜாயிண்ட் டக் டக் என்று அடிக்காது. வேகத்தோடு கூடும் ‘ஹூம்’ என்ற இரைச்சல், இடவலமாக லேசாக வளைத்தால் கூடிக் குறைந்து, நியூட்ரலில் போட்டாலும் அப்படியே இருந்தால் வீல் பேரிங். பள்ளம் மேட்டில் மட்டும் கடகடவென்றால் ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ். நேர் ரோட்டிலும், நியூட்ரலிலும், சுற்றுக்குச் சரியாக ஒரு ‘டிக்’ என்று கேட்டால் முதலில் டயர் பள்ளத்தில் கல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கைத் தொட்டதும் ஒரே ஒரு ‘டக்’ என்றால் பேட் தன் இடத்தில் தளர்வாக இருக்கிறது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்னோக்கி நகரும்போது ஒரு ‘டக்’, ரிவர்ஸுக்கு மாறியதும் ஒரு ‘டக்’, மற்ற நேரம் அமைதி என்றால், ஆக்சிலைச் சக்கரத்தின் ஹப்போடு பிடித்து வைக்கும் ஹப் நட் தளர்ந்திருக்கலாம். அதை மேனுவல் சொல்லும் டார்க்கில், அதாவது முறுக்கு அளவில், முறுக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகுதான் வேறு எதையும் யோசிக்க வேண்டும். செலவில்லாத வைத்தியம் இது, பல பட்டறைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

அடுத்து கண்ணால் பார்க்கும் வேலை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் வெளி பூட்டின் மடிப்புகள் விரிந்து தெரியும். டார்ச் அடித்து மடிப்பின் அடிப்பகுதியைப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ரிம்மின் உள்பக்கம், லோயர் ஆர்ம், பிரேக் கேலிப்பர் மேல் கறுப்பான கெட்டி கிரீஸ் ஒரு பட்டையாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது, அல்லது கிளாம்ப் நழுவிவிட்டது. கியர்பாக்ஸ் பக்கம் மெல்லிய எண்ணெய் சொட்டினால் அது ஆயில் சீல், பூட் கிடையாது. ஆட்டம் பார்க்க, கியரில் போட்டு, ஒரு கையால் ஜாயிண்ட்டின் வெளிக்கூடான கிண்ணத்தையும் மறு கையால் ஷாஃப்ட்டையும் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். ஷாஃப்ட்டை மட்டும் ஆட்டினால், இழுவையை இரு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் இயல்பான இடைவெளியும் சேர்ந்து ஆடி ஏமாற்றும். உள் ஜாயிண்ட் உள்ளும் வெளியும் நகர்வது இயல்பு, அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். வண்டியை ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கிய நிலையில் கியர் போட்டு ஓடவிட்டு “பாருங்க உதறுது” என்று காட்டுவதும் தப்பு. தொங்கும்போது ஜாயிண்ட் அளவுக்கு மீறி மடங்கியிருக்கும், நல்ல ஆக்சிலும் அப்போது உதறும்.

கிழிந்த பூட்டிலிருந்து கொஞ்சம் கிரீஸ் எடுத்து இரு விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக, வழவழவென்று இருந்து, வண்டியிலும் சத்தம் இல்லையென்றால் பூட் கிட் போதும். நறநறவென்று மண் தட்டினாலோ, வெயிலில் காட்டினால் வெள்ளி மாதிரி மின்னினாலோ உலோகம் தேய்ந்து கிரீஸில் கலந்துவிட்டது. அப்போது பூட் கிட் வாங்குவது வீண். ஏற்காட்டுக் காப்பித் தோட்டச் செம்மண் ரோடுகளில் ஓடும் வண்டிக்கு மழைக்காலத்தில் கிழிசலுக்கும் சத்தத்துக்கும் இடையே அவகாசம் ரொம்பக் குறைவு. சேறு உள்ளே போனால் கிரீஸ் சாணைப் பசையாகிவிடும். சேலத்து வெயிலில் மாதக்கணக்காக நின்ற வண்டிக்கு வேறு கதை: ரப்பர் இறுகிப்போய், மறுபடி எடுத்து முதல் தடவை முழுசாக ஒடிக்கும்போது மடிப்பில் பிளக்கும். நின்ற வண்டியை மலைக்கு எடுக்குமுன் பூட்டைப் பார்த்துவிடுங்கள்.

பூட் கிட்டுக்கு வருவோம். உறைக்குள் பூட், பெரிய கிளாம்ப், சிறிய கிளாம்ப், கிரீஸ் பாக்கெட், ஜாயிண்ட்டை ஷாஃப்ட்டில் பூட்டும் சர்க்ளிப் வளையம் இருக்க வேண்டும். இரண்டு வகைப் பூட் உண்டு. மிருதுவான நியோபிரீன் ரப்பர் ஒன்று, கைக்குக் கெட்டியாகப் படும் தெர்மோபிளாஸ்டிக் இன்னொன்று. இரண்டாவது வெயிலையும் கல்லடியையும் அதிகம் தாங்கும். ஆனால் காது கிளாம்ப்பை அதற்குரிய பிளையரால் நன்றாகக் கடித்து இறுக்கினால்தான் அது சீல் ஆகும். நைலான் டேக்கோ கட்டுக்கம்பியோ வைத்துக் கட்டினால் முதல் மழையிலேயே நழுவும். ரப்பர் வகை வாங்கினால் கடையிலேயே மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள், பல வருடம் அலமாரியில் கிடந்த சரக்கில் மெல்லிய மயிர்க்கோடுகள் தெரியும்.

ஆக்சிலைக் கழற்றாமலே மாட்டலாம் என்று விற்கப்படும் பிளந்த பூட் மலை இறங்கி ஊர் சேர்வதற்கு மட்டும். ஒட்டும் விளிம்பில் துளி கிரீஸ் பட்டாலும் பசை பிடிக்காது. கூம்பு வைத்து இழுத்து மாட்டும் நீள் பூட் அதைவிட மேல், ஆனால் ஜாயிண்ட்டைக் கழற்றிக் கழுவாமல் அப்படியே மூடுவதால் உள்ளே போன மண் உள்ளேயே இருக்கும். நல்ல வேலை என்றால் ஜாயிண்ட்டை ஷாஃப்ட்டிலிருந்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து ஈரமில்லாமல் காயவைத்து, உள்வளையத்தைச் சாய்த்து ஒவ்வொரு உருண்டையாகத் தடத்தையும் கூண்டு ஜன்னலையும் பார்க்க வேண்டும். தடத்தின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டி நின்றால் அந்த ஜாயிண்ட் முடிந்தது. மண்ணெண்ணெய் ஈரத்தோடு கிரீஸ் வைத்து மூடினால் புது கிரீஸ் நீர்த்துப் போகும்.

கிரீஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ்தான் வெளி ஜாயிண்ட்டுக்கு. வீல் பேரிங்குக்கு வைக்கும் மஞ்சள் கிரீஸ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. சிறிய கார்களின் வெளி ஜாயிண்ட்டுக்கு 80 கிராமை ஒட்டிய அளவு தேவைப்படும், கிட்டோடு வரும் பாக்கெட்தான் சரியான அளவு. பாதியை உருண்டைகளுக்கு இடையே அழுத்தி நிரப்பி மீதியைப் பூட்டுக்குள் வையுங்கள். அதிகம் வைத்தால் பூட் உப்பி கிளாம்ப்பைத் தள்ளும். டிரைபாட் ஜாயிண்ட்டுக்குச் சில நேரம் வேறு கிரீஸ் தருவார்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். சிறிய கிளாம்ப்பை இறுக்கும் முன் பூட்டின் விளிம்பை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் தூக்கி உள்ளே அடைந்த காற்றை விடுங்கள். விடாவிட்டால் பூட் உப்பியோ உள்ளே ஒட்டியோ நின்று சீக்கிரம் கிழியும்.

வெளி ஜாயிண்ட் கிட். சத்தம் தொடங்கிவிட்டது, உள் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது, ஷாஃப்ட்டின் பற்கள் தேயவில்லை என்றால் இதுவே சரியான தேர்வு. பழைய ஜாயிண்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஷாஃப்ட் உள்ளே நுழையும் பற்கள் எத்தனை, ஹப்பில் நுழையும் பற்கள் எத்தனை, நட் மரை என்ன, கிண்ணத்தின் தோள் அகலம் என்ன, சர்க்ளிப் காடி எந்த இடத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். வண்டிப் பெயர் ஒன்றாக இருந்தாலும் வருடத்துக்கு வருடம் பல் மாறும். மாருதி 800 மட்டுமே 1983 முதல் 2014 வரை ஓடிய மாடல், அதில் ஒரே பாகம்தான் என்று நினைத்து வாங்கக் கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஜாயிண்ட்டின் மேல் பல்வளையம் இருக்கும், அதன் பற்களையும் எண்ண வேண்டும். புது ஜாயிண்ட்டைக் கையில் பிடித்து மடக்கினால் கொஞ்சம் இறுக்கமாக, சீராக மடங்க வேண்டும். தன் எடையிலேயே தொங்கி ஆடினால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள், பெட்டி மட்டும் கம்பெனியாக இருக்கும் சரக்கு இந்தச் சாமானில் அதிகம்.

ரீகண்டிஷன் ஆக்சில் விலையில் ஆசை காட்டும். குழி விழுந்த தடத்தைச் சாணை பிடித்து, கொஞ்சம் பெரிய உருண்டை போட்டு, புது பூட் மாட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருவார்கள். தடத்தின் மேற்பரப்பு மட்டும்தான் வெப்பப் பதப்படுத்தலில் கடினமானது, உள்ளே இருப்பது மென்மையான எஃகு. சாணை பிடிப்பதில் அந்தக் கடின அடுக்கு மெலிந்துவிடும் அல்லது போயே விடும். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் ஓடும் வண்டியில் கொஞ்ச காலம் ஓடும். கொண்டை ஊசி வளைவின் இழுவைக்கு அது ஆகாது.

நான் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இறக்கம். சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் ஒரு பக்க ஆக்சில் பிரிந்தாலோ உடைந்தாலோ இழுவை மட்டும் போவதில்லை, இன்ஜின் பிரேக்கிங்கும் மொத்தமாகப் போய்விடும். இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நியூட்ரலில் இறங்குவது போல் ஓடத் தொடங்கும், முழு எடையும் பிரேக் பேடின் மேல். கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, உருளும். அப்படி நேர்ந்தால் ஓரம் கட்டி, பின்சக்கரத்தைப் பிடிக்கும் கைப்பிரேக்கை முழுசாக இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். திருப்பத்தில் லேசான டக் டக் உள்ள வண்டி ஊருக்குள் மாதக்கணக்கில் ஓடலாம். நேர் ரோட்டிலேயே பலமாக இடிக்கத் தொடங்கிய வண்டியை அடிவாரத்துக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

புது முழு ஆக்சில் மூன்று நிலைகளில் மட்டும்: உள் ஜாயிண்ட் கிண்ணம் தேய்ந்துவிட்டது, ஆனால் அது தனியாகக் கிடைக்கவில்லை; ஷாஃப்ட்டின் பல் முறுக்கிக்கொண்டது; ஷாஃப்ட் துரு அரித்துக் குழியாகிவிட்டது. மாட்டுமுன் பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் சீல் உட்காரும் இடம் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்க வேண்டும், கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். நீளமான ஆக்சிலில் அதிர்வை அடக்கும் எடை வளையம் இருந்திருந்தால் புதியதிலும் இருந்தாக வேண்டும்.

இடது, வலது வெளி ஜாயிண்ட்டுகளை இடம் மாற்றிப் போடும் பழக்கமும் பட்டறைகளில் உண்டு. இரண்டும் ஒரே பாகமாக இருந்தால் தடத்தின் தேயாத பக்கம் இழுவைக்கு வரும், சத்தம் கொஞ்ச காலம் அடங்கும். வண்டியை விற்கப்போகிறவருக்கு இது வசதி, வாங்குகிறவருக்கு நஷ்டம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அதனால் ரிவர்ஸ் சோதனையை விடக் கூடாது.

வேலையின் தரத்தை நான்கு இடங்களில் பார்க்கலாம். ஹப் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துகிறார்களா. ஆக்சிலை ஹப்பிலிருந்து தள்ளும்போது மரையின் மேல் சுத்தியலால் நேரடியாக அடிக்காமல் மரத்துண்டோ செம்போ வைக்கிறார்களா. உள்பக்கம் நெம்புமுன் கியர் ஆயிலை வடிக்கிறார்களா, சீல் புதிதாகப் போட்டு மேனுவல் சொன்ன கிரேடில், சொன்ன அளவில் ஊற்றுகிறார்களா. கடைசியாக, ஹப் நட்டை டார்க் ரெஞ்சில் முறுக்குகிறார்களா. பல சிறிய கார்களில் இது 150 முதல் 200 நியூட்டன் மீட்டர் வட்டாரத்தில் இருக்கும், உங்கள் வண்டியின் சரியான எண் மேனுவலில். ஏர் கன் வைத்து அடித்து விட்டால் வீல் பேரிங் சீக்கிரம் இரையும். தட்டி மடிக்கும் நட் என்றால் புது நட், ஸ்ப்ளிட் பின் வைப்பது என்றால் புது பின். பால் ஜாயிண்ட்டை மட்டும் கழற்றி வேலை முடித்திருந்தால் வீல் அலைன்மென்ட் கட்டணம் தேவையில்லை. ஷாக் அப்சார்பர் போல்ட்டைக் கழற்றியிருந்தால் தேவை.

ஜீப், ஓம்னி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சாமான் எதுவும் பொருந்தாது. பின்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருப்பது கிராஸ் எனும் சிலுவை வடிவ ஜாயிண்ட். மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்று குருவிச் சத்தம் வந்தால் ஊசி பேரிங் காய்ந்துவிட்டது, கிளட்ச் விட்டதும் ‘டங்’ என்றால் ஆட்டம் விழுந்துவிட்டது. கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் வாங்கி, நான்கு முனையிலும் கிரீஸ் வெளிவரும் வரை அடியுங்கள். கழற்றுமுன் ஷாஃப்ட்டின் இரு பாதியிலும் ஒரே கோட்டில் அடையாளம் வையுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் புது கிராஸோடு வண்டி அதிரும்.

வேலை முடிந்த அன்றே நெடுந்தூரம் போக வேண்டாம். மைதானத்தில் இரு பக்கமும், ரிவர்ஸிலும் வட்டமடித்துப் பார்த்துவிட்டு, அடிவாரத்திலிருந்து நாலைந்து வளைவு ஏறி இறங்குங்கள். இறங்கியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கி, ரிம்மின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு கிரீஸ் வந்தால் பெரிய கிளாம்ப் சரியாகக் கடிக்கவில்லை. வண்டியை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புது கிளாம்ப் போடச் சொல்லுங்கள், கடித்த கிளாம்ப்பை மறுபடி கடிக்கவிடாதீர்கள்.